வரதாம்பிகையின் கல்யாணம்

1

காரவள்ளியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. சேந்தமங்கலம் பக்கமிருந்து போகிறவர்களுக்குச் சமவெளி முடிகிற இடம் அது. கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்கு மேல்தான். என் மடியில் சூர்யகாந்தா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1970இல் வாரணாசியில் வெளிவந்த ‘வரதாம்பிகா பரிணய சம்பு’ இருந்தது. விஜயநகரத்து அச்சுதராயர் சலகராஜு வீட்டுப் பெண் வரதாம்பிகையை மணந்ததைச் சொல்லும் சமஸ்கிருத நூல். எழுதியவர் திருமலாம்பா என்ற பெண். சமஸ்கிருதம் எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தின் வழியாகத்தான் படிக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சப்தத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

பக்கத்தில் மலைக்காரர் ஒருவர், வயதானவர், மடியில் ஒரு சாக்குப் பையுடன் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“பரீட்சைக்குங்களா தம்பி?”

“இல்லீங்க. ஒரு ராஜாவோட கல்யாணத்தைப் பத்தின பழைய பாட்டு.”

“பொண்ணு கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?”

“ரெண்டு பேருங்க.”

“பையன் பொறந்தானா?”

“பொறந்தான். அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டறதோட பாட்டு முடிஞ்சிடுதுங்க.”

“அப்போ பையனுக்கு மாமன் ரெண்டு பேரு” என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் புத்தகத்தை அப்போது நான் இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தேன். உவமைகளுக்கு அடியில் பென்சில் கோடு போட்டிருந்தேன். மாமன்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

2

பி.ஏ.யில் எனக்கு ஆங்கில இலக்கியம். துணைப்பாடம் இங்கிலாந்தின் சமூக வரலாறு. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளின் பெயரும், ஒவ்வொருத்தியும் எப்படிப் போனாள் என்பதும் இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தவறாமல் சொல்வேன். வரதாம்பிகை என்ற பெயரைக் கேள்விப்பட்டதே முப்பது வயதுக்கு மேல். இதில் வெட்கப்பட இருக்கிற அளவுக்கு யோசிக்கவும் இருக்கிறது.

ஹென்றியும் கிருஷ்ணதேவராயரும் ஒரே வருஷம், 1509இல், அரியணை ஏறினார்கள். 1529இல் கிருஷ்ணதேவராயருக்குப் பின் அவருடைய தம்பி (மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி) அச்சுதராயர் வந்தார். 1533ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு ராஜ்யங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அந்த வருஷம் ஜனவரியில் ஹென்றி ஆன் போலினை ரகசியமாக மணந்தான். அவன் அண்ணன் ஆர்தரின் விதவையாக இருந்து, போப் இரண்டாம் ஜூலியஸ் கொடுத்த விலக்கின் பேரில் அவன் 1509இல் மணந்த காதரீனின் கல்யாணம் செல்லாது என்று மே 23இல் ஆர்ச்பிஷப் கிரான்மர் தீர்ப்புச் சொன்னார். ஜூன் 1இல் ஆனுக்கு முடிசூட்டினார்கள். செப்டம்பர் 7இல் எலிசபெத் பிறந்தாள். பிறக்கப் போவது ஆண் என்ற நிச்சயத்தில் ‘இளவரசன்’ என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்த அறிவிப்புக் கடிதங்களில் ஓர் எழுத்தை இடுக்கிலே நுழைத்து ‘இளவரசி’ ஆக்கினார்கள். எங்கள் பாங்க்கில் இப்படித் திருத்தினால் பக்கத்தில் சுருக்கெழுத்துப் போட வேண்டும். அங்கே அந்தத் திருத்தத்துக்கு மூன்று வருஷத்தில் தாயின் தலை போயிற்று.

அதே 1533இல் அச்சுதராயர் பட்டத்து ராணி வரதாதேவியோடும் பிள்ளை வேங்கடாத்திரியோடும் காஞ்சிபுரம் வந்தார். துலாபாரத்தில் ஏறித் தன் எடைக்கு எடை முத்து கொடுத்தார். காஞ்சிக் கல்வெட்டுகள் இதைச் சொல்கின்றன. வரதராஜர் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் சமமாகக் கிராமங்களைப் பங்கிடச் சொல்லியிருந்தும் அதிகாரி ஒருவர் ஒரு பக்கம் கூட்டிக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்து, ராஜா கணக்கைச் சரிசெய்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. ராணியின் முகம் எப்படி இருந்தது என்று அவை சொல்லவில்லை. திருமலைக் கோயிலில் அச்சுதராயரும் வரதாதேவியும் கல்லில் கைகூப்பி நிற்கிறார்கள். கூட்டத்தோடு போகிறவர்கள் கிருஷ்ணதேவராயரையும் அவருடைய இரண்டு ராணிகளையும் செப்புப் பிரதிமைகளில் அடையாளம் காட்டுவார்கள். தம்பியை யாரும் காட்டுவதில்லை.

ஒருத்தியை நாம் அறிந்ததற்கும் மற்றவளை அறியாததற்கும் காரணம் என்ன? மெக்காலே என்று சொல்லிவிடலாம். நம் கூட்டத்தில் அப்படிச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். அது பாதி உண்மை. மறுபாதி, ஹென்றியின் கல்யாணம் ஒரு வழக்காக மாறியது என்பது. வழக்கு என்றால் காகிதம். போப்பின் விலக்கு ஆவணம், சாட்சிகளின் வாக்குமூலம், ஸ்பெயின் ராஜாவாகவும் இருந்த சக்ரவர்த்தி ஐந்தாம் சார்லஸுக்கு அவருடைய தூதர் எழுதியனுப்பிய அரண்மனை வம்புகள், ஹென்றி ஆனுக்கு எழுதி எப்படியோ வாடிகன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட 17 காதல் கடிதங்கள், 1536 விசாரணை. இந்த அழுக்கான காகிதங்களிலிருந்துதான் ஆன் போலின் ஒரு மனுஷியாக எழுந்து வருகிறாள்.

கவிதையிலிருந்து அவள் எழுந்து வரவில்லை. இது முக்கியம். 1533இல் ஆன் லண்டனுக்குள் பவனி வந்தபோது நிக்கலஸ் யூடலும் ஜான் லேலண்டும் வாழ்த்துக் கவிதைகள் எழுதினார்கள். அவையும் ஒரு வகைப் பரிணய காவியங்கள்தாம். ஆனை அறிவதற்காக இன்று யாரும் அவற்றைத் தேடிப் போவதில்லை. 1536 மே மாதம் ஆனோடு சேர்த்து ஆட்கள் பிடிக்கப்பட்டபோது கவிஞர் தாமஸ் வயட்டும் லண்டன் கோபுரத்தில் அடைபட்டார். உயிரோடு வெளியே வந்தார். நாம் ஹென்றி காலத்துக் கவிதை என்று படிப்பது வயட்டைத்தான். பல்லக்கின் முன்னால் போனவர்களை நாம் படிப்பதில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் திருமலாம்பாவிடம் போனேன். நமக்குக் கிடைத்திருப்பது யூடல்தான், வயட் இல்லை என்ற ஏமாற்றத்தோடு.

3

நூலின் அமைப்பு எளிது. சம்பு என்பதால் வசனமும் செய்யுளும் கலந்து வரும். சந்திர வம்சத்தில் ஆரம்பித்து அச்சுதரின் தகப்பன் நரச நாயக்கரின் தென்திசைப் படையெடுப்பு, காவேரி, மதுரை, பிறகு அச்சுதரின் பிறப்பு, பட்டாபிஷேகம், வரதாம்பிகையைக் கண்டு காதல், கல்யாணம், நந்தவனம், பருவங்கள், பிள்ளை சின்ன வேங்கடாத்திரி பிறப்பது, அவனுக்கு இளவரசுப் பட்டம். அதோடு முடிந்தது. கல்யாணம் எந்த வருஷம் என்பது காவியத்துக்குத் தேவையில்லாத சமாசாரம்.

பெண்ணைத் தலையிலிருந்து கால் வரை வர்ணிக்கிறார். மீன், வில், தாமரை, யானை எல்லாம் வருகின்றன. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறாளே, கண் வேறாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் அது நடப்பதில்லை. ஆண் கவிகள் அடுக்கி வைத்த அதே அலமாரியிலிருந்து அதே பாத்திரங்களை எடுத்துத் துலக்கி வைக்கிறார். துலக்குகிற கை தேர்ந்த கை என்பதில் சந்தேகமில்லை.

திருமலாம்பா யார் என்பதில் இரண்டு பேச்சு இருக்கிறது. அச்சுதராயரின் ராணிகளில் ஒருவர் என்பது ஒன்று. ராணி என்றால், சக்களத்தியின் கல்யாணத்தை உட்கார்ந்து காவியமாகச் செய்தவர். இன்னொன்று, அரண்மனையில் நூல்களை ஓதிச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்த ‘ஓதுவ’ திருமலாம்பா என்பது. 1533இல் அச்சுதராயர் கொடுத்த சுவர்ணமேரு தானத்தைப் பற்றி ஹம்பி விட்டலர் கோயிலில் வெட்டியிருக்கும் சமஸ்கிருதச் செய்யுள் இந்தப் பெயர்காரி செய்தது. இரண்டும் ஒருவரே என்று சொல்கிறவர்களும் உண்டு. ‘சக்களத்தி’ என்ற வாசிப்பில் ஒரு நாடகக் கவர்ச்சி இருக்கிறது. வரிகளுக்கு இடையில் பொறாமையைத் தேடலாம். தேடினால் கிடைக்கவும் செய்யும். நான் தேடிப் பார்த்தேன், கிடைத்தது, அதை நம்பவில்லை. தேடுகிறவன் கொண்டுபோனதுதான் அது.

அவர் தனி ஆளும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் கங்காதேவி தன் கணவன் குமார கம்பணனின் மதுரைப் படையெடுப்பை ‘மதுரா விஜயம்’ ஆக்கினார். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரண்மனையில் ராமபத்ராம்பா ரகுநாத நாயக்கர் மேல் ‘ரகுநாதாப்யுதயம்’ எழுதினார். மூன்று நூற்றாண்டுகள், மூன்று பெண்கள், மூவருக்கும் ஒரே விஷயம்: ராஜா. மூன்று காவியங்களின் ராஜாக்களும் தமிழ் மண்ணைப் பிடித்தவர்கள் அல்லது ஆண்டவர்கள். எழுத அனுமதி கிடைத்த இடத்தில் எழுதினார்கள். அந்த இடம் ராஜாவின் புகழ் என்ற ஒரே ஜன்னல் வைத்த அறை.

அந்த ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை தெரு தெரிகிறது. காஞ்சியைச் சுற்றியுள்ள தொண்டை நாட்டை வர்ணிக்கும் இடத்தில் 195 சமஸ்கிருத எழுத்துக்கள் கொண்ட ஒரே சொல் வருகிறது. உலகத்திலேயே நீளமான சொல் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது. அந்தச் சொல்லுக்குள் இருப்பது என்ன என்று மொழிபெயர்ப்பில் பிரித்துப் பார்த்தபோதுதான் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராஜா இல்லை, கல்யாணப் பெண்ணும் இல்லை. வெயிலில் நடந்து வருகிற வழிப்போக்கர்கள், தண்ணீர்ப் பந்தல், ஏலமும் கிராம்பும் போட்ட குளிர்ந்த தண்ணீரைக் கையால் ஊற்றித் தருகிற பெண்கள். மொழி தன் மூச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு போன தூரம் இது. வரதாம்பிகையின் கண்ணுக்கோ இடைக்கோ இவ்வளவு நீளம் கிடைக்கவில்லை.

இதுவும் வித்தை காட்டல்தான். சமாசத்தை நீட்டுவது சம்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு போட்டி. இருந்தாலும் எதை வைத்து வித்தை காட்டுவது என்பது கவியின் தேர்வு. திருமலாம்பா தண்ணீர் ஊற்றுகிறவளைத் தேர்ந்தார்.

4

மாமன்களுக்கு வருகிறேன்.

சலகராஜு சகோதரர்கள் இருவர், பெத்த திருமலையும் சின்ன திருமலையும். 1529இல் கிருஷ்ணதேவராயர் இறந்தபோது அவருடைய மருமகன் ராமராயர், ராஜாவின் கைக்குழந்தையை அரியணையில் உட்காரவைத்துத் தான் ஆளப் பார்த்தார். சந்திரகிரியிலிருந்து அச்சுதராயர் வந்து சேரும்வரை அரியணையைக் காத்துவைத்தவர்கள் சலகராஜு சகோதரர்கள். மைத்துனர்கள் என்ற உரிமையில் செய்தார்கள். அப்படியானால் கல்யாணம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். காதலில் ஆரம்பிக்கிறது காவியம். ராஜ்யத்தின் கணக்கில் இந்தக் கல்யாணம்தான் மூலதனம்.

1531-32இல் அச்சுதராயர் தெற்கே படை கொண்டு வந்தார். சோழ மண்டலத்தை நிர்வகித்த சாளுவ நாயக்கர் கலகம் செய்து திருவடி ராஜ்யத்துக்குள், அதாவது திருவிதாங்கூர்ப் பக்கம், ஓடியிருந்தார். ராஜா ஸ்ரீரங்கத்தில் தங்கிக்கொண்டார். படையை நடத்திப் போனவர் மைத்துனர் சலகராஜு திருமலை. திருவடியிடம் கப்பம் வாங்கியது, தாமிரபரணியில் வெற்றித் தூண் நட்டது, பாண்டியன் மகளை ராஜா மணந்தது என்று மூன்றையும் கல்வெட்டு ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறது. கப்பத்துக்கும் தூணுக்கும் இருக்கிற அளவு இடம்தான் அந்தப் பாண்டியப் பெண்ணுக்கும். அவள் பெயர்கூட அதில் இல்லை. வரதாம்பிகைக்காவது ஒரு காவியம் கிடைத்தது.

தஞ்சாவூரும் இதே கணக்கில்தான் கைமாறியது. அச்சுதராயரின் மனைவி திருமலாம்பாவின் தங்கை மூர்த்திமாம்பாவைச் சேவப்ப நாயக்கருக்குக் கொடுத்தார்கள். அவளுக்குச் சீதனமாக வந்தது தஞ்சாவூர் என்று சொல்வது வழக்கம். தஞ்சை நாயக்கர் ஆட்சி இப்படி ஒரு பெண்ணின் சீராக ஆரம்பிக்கிறது. அந்த வம்சத்து அரண்மனையிலிருந்து தொடர்ந்து வந்த சரஸ்வதி மகால் நூலகத்தில்தான் ‘வரதாம்பிகா பரிணய’ சுவடி கிடந்தது. லட்சுமண் ஸ்வரூப் அதைக் கண்டெடுத்து லாகூரில் அச்சிட்டார். நூலை எழுதிய திருமலாம்பாவும் ராணி திருமலாம்பாவும் ஒருவரே என்றால், அக்காளின் புத்தகத்தைத் தங்கை வீடு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒருவரில்லை என்றாலும், கல்யாணத்தில் வந்த ஊர் ஒரு கல்யாணக் கதையைக் காப்பாற்றியிருக்கிறது.

அச்சுதராயர் காலத்திலேயே, 1535ஐ ஒட்டி, குதிரை வியாபாரத்துக்காக விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியர் பெர்னாவ் நூனிஸ் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். ராபர்ட் சுயல் 1900இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ராஜா தன் இரண்டு மைத்துனர்கள் சொல்படி மட்டுமே நடக்கிறார், அவர்கள் கெட்டவர்கள் என்கிறார் நூனிஸ். குதிரை வியாபாரிக்கு வர்ணனை வராது. ஆனால் பணம் யார் கையில் இருக்கிறது என்று தெரியும்.

1542இல் அச்சுதராயர் இறந்தார். சின்ன வேங்கடாத்திரிக்குப் பட்டம். சிறுவன் பெயரால் ஆள்வதற்கு மாமன் சின்ன திருமலை முன்வந்தார். தன் அண்ணன் தம்பிகளைத் தெரிந்தவள் என்பதால் வரதாம்பிகைக்குப் பயம். பிள்ளையைக் காப்பாற்ற பீஜப்பூர் அடில்ஷாவிடம் உதவி கேட்டாள். அடில்ஷா புறப்பட்டு வந்தார். திருமலை பணம் கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு மருமகனைக் கொன்றார். காவியத்தின் கடைசிப் பக்கத்தில் இளவரசுப் பட்டம் சூடுகிற அதே பிள்ளை.

அதன் பின் ராமராயர், கிருஷ்ணதேவராயரின் மருமகன், அரசக் குடும்பத்தைச் சேர்ந்த சதாசிவரை முன்னிறுத்திக்கொண்டு வந்தார். அவருடைய பட்டப்பெயரே ‘அளிய’ ராமராயர். கன்னடத்தில் அளிய என்றால் மருமகன். ஒரு கல்யாணத்தில் வந்தவரை இன்னொரு கல்யாணத்தில் வந்தவர் விரட்டினார். முற்றுகையில் புத்தி பேதலித்த திருமலை அரண்மனைக்குள் அடைந்துகொண்டு, முத்தையும் ரத்தினங்களையும் திரிகைக் கல்லில் போட்டு அரைத்து இறைத்துவிட்டுக் கத்தியில் பாய்ந்து செத்தார் என்று பெரிஷ்டா எழுதுகிறார். பெரிஷ்டா பின்னால் வந்தவர், எதிர்ப்பக்கத்து அரண்மனைக்காரர். கொஞ்சம் கூட்டியிருக்கலாம். காஞ்சியில் தராசில் ஏறிய முத்தும் இந்தத் திரிகையில் விழுந்த முத்தும் என் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டன. மருமகன் ராமராயரின் ஆட்சி 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் அவர் தலையோடு போயிற்று.

இப்போது இங்கிலாந்தைத் திரும்பிப் பார்க்கலாம். ஹென்றியின் மைத்துனர்களை நாங்கள் கல்லூரியில் கதையின் ஓரத்தில்தான் படித்தோம். ஆனின் தம்பி ஜார்ஜ் போலின், தங்கள் குடும்பம் உயர்ந்தபோது கூடவே உயர்ந்து, 1536 மே 17இல், ஆனுக்கு இரண்டு நாள் முன்னால் வெட்டுண்டான். மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் 1537இல் ஆண் குழந்தை பெற்றுப் பன்னிரண்டு நாளில் இறந்தாள். 1547இல் ஹென்றி இறந்தபோது அந்தக் குழந்தை, ஆறாம் எட்வர்டு, ஒன்பது வயது ராஜா. ராஜ்யத்தின் காவலன் என்று பட்டம் எடுத்துக்கொண்டவன் ஜேனின் அண்ணன் எட்வர்டு சீமோர். தாய்மாமன். அவன் தம்பி தாமஸ் சீமோரும் மாமன்தான். அங்கேயும் மாமன் இரண்டு பேர்.

1549இல் அண்ணன் ஆட்சியில் தம்பி வெட்டுண்டான். 1552 ஜனவரியில் அண்ணனும் வெட்டுண்டான். எட்வர்டு ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தான். மாமனின் தலை போனதை அதில் ஒரே வரியில், சலனமில்லாமல், நாளின் மற்ற செய்திகளைப் போலக் குறித்து வைத்திருக்கிறான். விஜயநகரத்தில் மாமன் மருமகனைக் கொன்றான். லண்டனில் மருமகன் பெயரால் மாமனைக் கொன்றார்கள். இடைவெளி பத்து வருஷம். இங்கிலாந்தில் இரக்கம் அதிகம் என்பதற்கு இதில் சான்று எதுவும் இல்லை. அங்கே பிரபுக்களின் சபை என்று ஒன்று இருந்தது, குற்றப்பத்திரிகை என்று ஒன்று இருந்தது, கையெழுத்துப் போட ஒரு பையன் உயிரோடு தேவைப்பட்டான். இங்கே அரியணைக்கும் அண்ணன் தம்பிக்கும் நடுவில் நின்றவள் ஒரு தாய் மட்டும். அவளுக்குச் சபை இல்லை. அடில்ஷாவுக்கு ஆள் அனுப்புவதுதான் இருந்தது.

5

நம்மில் பலருக்கும், எனக்கும், ஒரு கொள்கை உண்டு. கவிதையைக் கவிதையாகப் பார்க்க வேண்டும். எழுதியவரின் வாழ்க்கை, பின்னால் நடந்தது, சமூகப் பின்னணி எல்லாம் வாசலுக்கு வெளியே செருப்போடு நிற்க வேண்டும். பொதுக்கூட்ட விமர்சனத்தோடு சண்டை போட்டுப் பெற்ற கொள்கை இது. அதன் பயன் பெரியது. இதை வைத்துக்கொண்டு நான் ‘வரதாம்பிகா பரிணய’த்தை இரண்டு முறை படித்து ‘சம்பிரதாயமானது, உயிரில்லாதது’ என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பு தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது போதாது என்பதைப் படிப்பறிவில்லாத ஒருவரின் ஒரு கேள்வி காட்டிவிட்டது. கல்யாணம் என்று கேட்டதும் அவர் காதலைப் பற்றியோ பெண்ணின் அழகைப் பற்றியோ கேட்கவில்லை. யார் யார் மாமன் ஆகிறார்கள் என்று கேட்டார். கல்யாணம் என்ற வார்த்தைக்கு அவர் வைத்திருக்கிற அர்த்தம் காவியத்தின் அர்த்தத்தைவிட, என் அர்த்தத்தையும்விட, விஜயநகரத்து உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. கொலையைத் தெரிந்துகொண்டபின் காவியத்தில் எல்லா இடத்திலும் அதன் நிழல் விழுவதாகச் சொல்வது. கடைசிப் பட்டாபிஷேகத்தில் கவி ஏதோ உள்ளூர நடுங்குகிறார் என்று எழுதுவது. அப்படி எழுத எனக்கும் கை பரபரத்தது. பொய். திருமலாம்பாவுக்கு 1542 தெரியாது. அவர் சந்தோஷமாகத்தான் முடிக்கிறார். தெரியாததைத் தெரிந்ததாக அவர் தலையில் கட்டிப் பெரிய கவியாக்குவதும், வரதாம்பிகைக்குப் பொறாமைக்காரச் சக்களத்தியைக் கொண்டுவந்து நிறுத்துவதும் ஒரே ரகம்.

நான் வந்து சேர்ந்திருக்கிற இடம் சின்னது. பரிணய காவியம் பிள்ளை பிறந்து பட்டம் கட்டியதும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக அந்த வடிவத்துக்கு உரிமையில்லை. ராஜ கல்யாணத்தின் விளைவுகள் எல்லாம் அதற்கு மேல்தான் ஆரம்பிக்கின்றன. வடிவம் எங்கே நிற்கிறது என்பதே ஒரு தகவல். அதைப் படிக்க, வெளியிலிருந்து குதிரை வியாபாரியும் கல்வெட்டும் பெரிஷ்டாவும் உள்ளே வரத்தான் வேண்டும். வந்தபின் காவியம் பெரிதாகிவிடுவதில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தில் அலங்கரித்து உட்காரவைத்திருக்கும் பிள்ளையைப் பார்க்காமல் புரட்ட முடிவதில்லை. என் ஓரக்குறிப்பை நான் அழிக்கவில்லை. அதன் கீழே ‘மாமன் இருவர்’ என்று மட்டும் எழுதினேன்.

இன்னொன்று, தண்ணீர்ப் பந்தல். கொல்லிமலையில் வாழும் மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதை 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகள் பதிவு செய்திருக்கின்றன. கரிராமன் என்ற தங்கள் தெய்வத்தோடு அண்ணன் தம்பிகள் மூன்று பேர் புறப்பட்டு, வழியில் பிரிந்து, வேறு வேறு மலைகளுக்குப் போனார்கள். போன இடத்துப் பெண்களை மணந்தார்கள். எப்போது என்பதற்குக் கல்வெட்டில்லை. சொல்கிறவருக்குத் தக்கபடி கதை மாறுகிறது. மூன்று சகோதரர்களும் காஞ்சியும் மாறுவதில்லை. அந்தப் பெண்களின் பெயர், பாண்டியன் மகளின் பெயரைப் போலவே, யாரிடமும் இல்லை. திருமலாம்பாவின் 195 எழுத்துச் சொல்லில் காஞ்சிச் சாலையில் தாகத்தோடு நடந்து போகிறவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. ராஜாவின் ஆட்கள் நடப்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

பஸ் கிளம்பி முதல் வளைவு திரும்பியபோது பெரியவர் தூங்கிவிட்டார். ஏதோ ஒரு வளைவில் விழித்து, “பாட்டு முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டார். “முடிஞ்சதுங்க” என்றேன். அந்த மாமன்கள் பின்னால் என்ன செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.